காப்பீடு கைவிரித்த மாத்திரை

அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு 1960இல் அனுமதி கிடைத்தது. ஆனால் அடுத்த நாற்பது ஆண்டுகளாக, மற்ற மருந்துகளுக்குப் பணம் தந்த பல காப்பீட்டுத் திட்டங்கள் இதற்கு மட்டும் கையை விரித்தன. கர்ப்பம் நோயல்ல, அதைத் தடுப்பது மருத்துவமும் அல்ல என்றார்கள். கேட்க நியாயம்போல இருக்கும். 1998இல் வயாகரா வந்த சில மாதங்களிலேயே பல நிறுவனங்கள் அதன் செலவை ஏற்றபோதுதான் இந்த ஓரவஞ்சனை ஊரறிய வெளிப்பட்டது. அதே ஆண்டு, மருந்துகளுக்குப் பணம் தரும் காப்பீடு கருத்தடைக்கும் தர வேண்டும் என்று மேரிலாந்து முதல் மாநிலமாகச் சட்டம் இயற்றியது.

சியாட்டிலில் ஒரு பெண் மருந்தாளுநர், மாத்திரை அட்டைகளைப் பிறருக்கு எடுத்துக் கொடுப்பதே வேலையாக இருந்தவர், தம்முடைய அட்டைக்குக் கைக்காசு போட வேண்டியிருந்ததால் வேலைதந்த நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்தார். அது பாலினப் பாகுபாடே என்று 2001இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விருப்பத்துக்கு உண்பதற்குக் காப்பீடு எதற்கு என்பார்கள். இரத்த அழுத்த மாத்திரையும் வரப்போவதைத் தடுக்கத்தானே! அதற்கு அதே திட்டம் பணம் தந்தது. ஆனாலும் ஓட்டை அடைபடவில்லை. முதலாளிகள் சொந்த நிதியில் நடத்தும் திட்டங்களை மாநிலச் சட்டங்கள் தொட முடியாதபடி 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் காத்தது. 2012இல் நாடு தழுவிய விதி, பெரும்பாலான திட்டங்களில் கருத்தடையைக் கட்டணமின்றித் தரச் செய்தது. இரண்டே ஆண்டுகளில், முதலாளியின் மத நம்பிக்கையைக் காட்டி விலக்குப் பெற உச்ச நீதிமன்றம் வழிவிட்டது.