உயர்குடிக் கடை முதல் ஊர்ச்சாமான் கடை வரை: கொழும்பில் சேதன உணவு வணிகத்தின் நிலைப்பு

சுப்பர் மார்க்கெட்டின் மலிவு விலைக்கு முன்னால் சேதன உணவுக் கடைகள் நின்றுபிடிக்குமா என்ற கேள்வி கொழும்புக்குப் புதிது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வசதிபடைத்தவர்களுக்கென்று நடத்தப்பட்ட கடையொன்று காலமாற்றத்தை எப்படி எதிர்கொண்டது என்பதற்கு இந்நகரிலேயே பழைய சான்று உண்டு. 1844இல் இலங்கையில் தொடங்கப்பட்ட கார்கில்ஸ் வணிகம், கோட்டை யோர்க் வீதியில் 1906இல் எழுந்த சிவப்புக் கட்டடத்திலிருந்து தோட்டத்துரைமாருக்கும் கறுவாத்தோட்டத்துச் செல்வந்தருக்கும் இறக்குமதிச் சாமான்களை விற்றது. நகரின் சாதாரண குடும்பங்களுக்கு அது எட்டாத இடம். அதே நிறுவனம் 1983இல் ஸ்டேப்பிள் வீதியில் நாட்டின் முதலாவது சுப்பர் மார்க்கெட்டைத் திறந்தது. இன்று 500க்கும் மேற்பட்ட கிளைகளோடு சிறு பட்டினங்கள் வரை பரவியிருக்கிறது. அந்த உயர்குடிக் கடை பிழைத்ததற்குக் காரணம், அது உயர்குடிக் கடையாக இருப்பதைக் கைவிட்டதுதான்.

இக்கட்டுரையின் வாதம் இதிலிருந்து தொடங்குகிறது. கொழும்பில் விலை கூடிய உணவுக் கடைக்குக் கண்ணாடி அலுமாரியோ சேதன முத்திரையோ ஆயுளைத் தரவில்லை. பொருள் எந்த மண்ணில் விளைந்தது, யார் கையால் வந்தது என்று சொல்லத்தக்க சொந்த வழங்கல் வழியை வைத்திருந்த கடைகளே நெருக்கடிகளைத் தாண்டின. வெள்ளவத்தையின் யாழ்ப்பாணச் சாமான் கடைகளை இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்கிறேன். அவற்றில் பல தம்மைச் சேதனக் கடை என்று அழைத்துக்கொள்வதே இல்லை.

பங்கீட்டிலிருந்து சுப்பர் மார்க்கெட்டுக்கு

இரண்டாம் உலகப் போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டுக்கு விடையாக 1943இல் உருவான கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம், 1949இன் சட்டத்தால் நிலைபெற்றது. மக்கள் வாயில் அது சதொச. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குமேல் கொழும்பின் சமையலறைகளைத் தீர்மானித்தவை பங்கீட்டுப் புத்தகமும் சங்கக்கடையும்தான். தரம் பார்த்து வாங்குவது மிகச் சிலரின் வாய்ப்பாக இருந்தது.

1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக, மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் விளைவித்த வடபகுதித் தோட்டக்காரர் கை நிமிர்ந்தது. வலிகாமத்துச் செம்மண் கொழும்புச் சந்தையோடு இறுகப் பிணைந்தது அக்காலத்தில்தான். ஒன்றை மறக்கக்கூடாது. அந்த விளைச்சல் இரசாயனப் பசளையையும் கிருமிநாசினியையும் தாராளமாக நம்பிய விளைச்சல். ‘ஊர்ச்சாமான் என்றால் சுத்தமானது’ என்ற இன்றைய நம்பிக்கையை ஆராயும்போது இந்தத் தகவல் கையில் இருக்கவேண்டும்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அதன் பின்னரே சுப்பர் மார்க்கெட் என்ற வடிவம் காலூன்றியது. 1866இல் ஐஸ் கம்பனியாகத் தொடங்கிய சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் இன்று சார்ந்திருக்கும் ஜோன் கீல்ஸ் குழுமம் 1990களின் தொடக்கத்தில் இத்துறையில் இறங்கியது. கார்கில்ஸ் 1999இல் அங்குராங்கெத்தையில் மரக்கறிச் சேகரிப்பு நிலையமொன்றைத் திறந்தது மேலும் முக்கியமான திருப்பம். அதே ஆண்டில் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையமும் வந்தது. தரகர்களைத் தாண்டி விவசாயியிடம் நேரே வாங்கும் ஏற்பாடு சுப்பர் மார்க்கெட்டின் விலையைக் குறைத்தது. இந்த ஏற்பாட்டை மனதில் வைக்காமல் சேதனக் கடைகளின் போட்டியை விளங்கிக்கொள்ள முடியாது. ஏனென்றால், ‘விவசாயியிடமிருந்து நேரடியாக’ என்ற பெருமை முதலில் கைவந்தது பெருங்கடைக்குத்தான்.

வெள்ளவத்தை

முதல் சுப்பர் மார்க்கெட் தோன்றிய அதே 1983இன் ஆடியில் வெள்ளவத்தைக் காலி வீதியில் தமிழர் கடைகள் எரிந்தன. ஒரே ஆண்டில் நடந்தவை என்பதற்காக இரண்டையும் காரண காரியமாக இணைக்க முடியாது. ஆனால் தமிழ்ச் சில்லறை வணிகரின் முதலும் இருப்பும் கணக்குப் புத்தகமும் சாம்பலான காலத்தில் நவீன வணிகம் வளரத் தொடங்கியது என்பதை வரலாறு எழுதுபவர் விட்டுவிடவும் முடியாது. எரிந்த வீதியில் மறுபடி கடை போட்டவர்களின் துணிவுக்கு இவ்வணிகத்தின் வரலாற்றில் உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

1990களில் போரால் இடம்பெயர்ந்தவர்களும் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்களும் வெள்ளவத்தையின் லொட்ஜுகளையும் தொடர்மாடிகளையும் நிறைத்தார்கள். புலம்பெயர்ந்த பிள்ளைகள் அனுப்பிய பணம் அவர்களிடம் இருந்தது. ஊர் இல்லை. ஒடியல் மாவுக்கும் புழுக்கொடியலுக்கும் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளுக்கும் கூடுதல் விலை கொடுக்க ஆயத்தமான வாடிக்கையாளர் வட்டம் அப்படி உருவானது. இவர்கள் கொடுத்த கூடுதல் விலை உடல்நலத்துக்காக மட்டும் அன்று. பிரிவுக்காகவும் கொடுத்தார்கள். இப்படியொரு வாடிக்கையாளரைச் சுப்பர் மார்க்கெட்டின் கழிவுவிலைப் பலகை எளிதில் இழுக்க முடியாது.

வழங்கல் வழியோ போரோடு திறந்து மூடியது. ஏ9 வீதி 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, போர் முடிந்தபின் மறுபடி திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. ஆனால் இக்கடைகளின் உயிர்நாடி யாழ்ப்பாணத்துக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் ஓடும் இரவு பஸ்கள்தான். விடியற்காலையில் பஸ்ஸின் அடிப்பெட்டி திறக்கும்போது சாக்கில் கட்டிய முருங்கைக்காய், பனங்கட்டிக் குட்டான்கள், பருவத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டிகள் எல்லாம் வரிசையாக இறங்குகின்றன. பெட்டியின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதிய கைத்தொலைபேசி இலக்கமே விலாசம். குளிரறை இல்லை, களஞ்சியம் இல்லை. அன்றைக்கு வந்தது பெரும்பாலும் அடுத்த நாளுக்குள் விற்றுத் தீர்ந்துவிடும். சேதனக் கடைகளை எங்கும் வாட்டும் இழப்பு, விற்காமல் வாடிப்போகும் மரக்கறி. இங்கே அது குறைவதற்கு இந்தச் சிறிய அளவும் வேகமும்தான் காரணம்.

அரச தரப்பிலிருந்தும் ஓர் ஆதாரம் இருந்தது. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை, பனம்பொருள்களுக்குத் தலைநகரில் முறையான விற்பனை முகத்தை ஏற்படுத்திக் கொடுத்தது.

போர்க்காலத்தின் இன்னொரு விளைவு அதிகம் பேசப்படுவதில்லை. 1990களில் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் இரசாயனப் பசளையும் அடங்கியது. விவசாயிகள் விரும்பாமலே பழைய முறைக்குத் திரும்பினார்கள். ஆட்டுப்பட்டி கட்டினார்கள், மாட்டெரு போட்டார்கள், பூவரசங்குழையையும் பனையோலையையும் மண்ணில் தாட்டார்கள். இதை இலட்சிய விவசாயம் என்று கொண்டாடுவது அந்தக் காலத்துப் பசிக்குச் செய்யும் அநீதி. இருந்தாலும் அந்த அறிவு ஒரு தலைமுறைக்குள் கைமாறியது. பின்னால் வந்த சேதனப் பேச்சுக்கு வடக்கில் வேர் இருந்தது அதனால்தான்.

முத்திரை வந்த காலம்

இலங்கையில் முறைப்படியான சேதன உற்பத்தி ஏற்றுமதிக்காக வளர்ந்தது. 1980களின் பிற்பகுதியில் ஊவா மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் தொடங்கித் தென்னை, வாசனைத் திரவியங்கள் என்று அது விரிந்தது. லங்கா சேதன விவசாய இயக்கம் 1994இல் அமைந்தது. சான்றிதழ் அமைப்புகள் ஐரோப்பியச் சந்தையை நோக்கியே இயங்கின. சான்றிதழ்க் கட்டணம் வெளிநாட்டு விலையில்தான் கட்டுப்படியாகும். உள்ளூர்ச் சந்தைக்குச் சிறிய அளவில் விளைவிப்பவருக்கு அது சுமை.

இந்த இடைவெளியை நிரப்ப 2012 டிசம்பரில் பத்தரமுல்லை தியத்த உயனவில் ‘குட் மார்க்கெட்’ தொடங்கியது. பின்னர் சனிக்கிழமைகளில் கொழும்பு 7இலுள்ள குதிரைப்பந்தயத் திடலுக்கு வந்தது. ரீட் மாவத்தையில் கடையும் திறந்தது. விற்பனையாளர்களை ஆராய்ந்து சேர்க்கும் முறையும், விவசாயிகள் ஒருவர் தோட்டத்தை ஒருவர் சென்று பார்க்கும் பங்கேற்பு உத்தரவாத முறையும் அதன் பலம். நாள்முழுதும் திறந்திருக்கும் கடைக்குப் பதில் வாரச் சந்தையாகத் தொடங்கியது மிகுந்த விவேகம் என்பேன். வாடகையும் மின்கட்டணமும் சம்பளமும் ஒரே நாளின் கூட்டத்தில் பகிர்ந்துபோயின. ஆனால் கொழும்பு 7இன் சூழலும் விலையும் அதன் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்துவிட்டன. வெளிநாட்டவரும் வசதியான குடும்பங்களும் வந்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து சிலர் போனார்கள். நாட்கூலிக் குடும்பங்கள் பல வாழும் கொட்டாஞ்சேனையிலிருந்து போனவர்கள் மிகக் குறைவாகவே இருக்கவேண்டும்.

சுப்பர் மார்க்கெட்டுகள் சும்மா இருக்கவில்லை. சுவந்தெல், கலு ஹீனட்டி, பச்சைப்பெருமாள் போன்ற பாரம்பரிய அரிசிகள் அழகான பொதிகளில் அவற்றின் தட்டுகளுக்கு வந்தன. அதைவிடக் கூர்மையான ஆயுதம், விவசாயத் திணைக்களத்தின் ‘நல்ல விவசாய நடைமுறை’ச் சான்று பெற்ற மரக்கறி. இரசாயனத்தை அளவோடு அனுமதிக்கும் முறை அது. சேதனம் அன்று. என்றாலும் நஞ்சுக்கு அஞ்சும் தாய்க்கு ஓர் ஆறுதலை, சாதாரண விலைக்குச் சற்றே மேலான விலையில் அது கொடுக்கிறது. உயர்விலைச் சேதனக் கடை இழக்கும் வாடிக்கையாளரில் பெரும்பகுதி இந்த நடுவழிக்குத்தான் போகிறது என்பது என் கணிப்பு.

அமெரிக்காவில் நடந்ததும் இதேதான். 1980இல் டெக்சாஸின் ஆஸ்டினில் தொடங்கிய ஹோல் ஃபுட்ஸ் சேதன உணவின் அடையாளமாகவே வளர்ந்தது. 2002இல் மத்திய அரசின் சேதன முத்திரை நடைமுறைக்கு வந்தபின், வால்மார்ட்டும் க்ரோகரும் அதே முத்திரையை மலிவாக விற்றன. ஹோல் ஃபுட்ஸின் விற்பனை தளர்ந்தது. 2017இல் அமேசன் 1,370 கோடி டொலருக்கு அதை வாங்கி, முதல் நாளிலேயே விலைகளைக் குறைத்தது. எல்லாரும் ஒட்டக்கூடிய முத்திரை எந்தக் கடைக்கும் தனிச் சொத்தாகாது.

2021க்குப் பின்

2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. ஓரிரவில் முழு நாட்டையும் சேதன நாடாக்கும் முடிவு அது. மாற்றுப் பசளை இருக்கவில்லை, பயிற்சி இருக்கவில்லை, கால அவகாசமும் இருக்கவில்லை. சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலின் மாதிரிகளில் தீங்கான கிருமிகள் இருப்பதாகத் தாவரத் தடுப்புக்காப்பு அதிகாரிகள் கூற, கப்பல் இறக்கவிடப்படவில்லை. முடிவில் அந்த நிறுவனத்துக்கு 67 இலட்சம் டொலர் கட்டப்பட்டது. நவம்பர் இறுதியில் தடை நீங்கியது. ஆனால் அந்தப் பெரும்போகத்தின் நெல் விளைச்சல் பெருமளவு விழுந்தது.

பத்தாண்டுகளாகப் பொறுமையோடு சேதன விவசாயத்தை வளர்த்தவர்களுக்கு இதைவிடப் பெரிய கேட்டை எந்தப் போட்டியாளரும் செய்திருக்க முடியாது. ‘சேதனம்’ என்ற சொல்லைக் கேட்டாலே வயற்காரர் முகம் சுருங்கியது. நுகர்வோரிடம் இன்னொரு சிக்கல் எழுந்தது. எல்லாமே சேதனம் என்று அரசு சொல்லும்போது, சேதனக் கடைக்கு எதற்குக் கூடுதல் விலை?

பின்பு வந்தது 2022. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம் ஏறியது. குளிரூட்டியை நம்பிய கடைக்கு இந்த இரு ஏற்றங்களும் இடியாக இறங்கின. பெறுமதி சேர் வரி 2022இல் 8 சதவீதத்திலிருந்து 12 ஆகி 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது.

இந்த வரியில் சிறுகடைக்குச் சாதகமான ஒரு நுட்பம் இருக்கிறது. 2024இல் ஆண்டு விற்பனை 60 மில்லியன் ரூபாவுக்குக் குறைந்த வணிகம் இவ்வரிக்குப் பதியவேண்டியிருக்கவில்லை. சுப்பர் மார்க்கெட் வரியைச் சேர்த்து விற்கவேண்டிய பொருளை, வெள்ளவத்தையின் சிறுகடை அதில்லாமல் விற்கலாம். பெரிதாக வளர நினைக்கும் உயர்விலைச் சேதனக் கடை இந்தப் பாதுகாப்பை இழக்கும். விலைப்போட்டியில் சிறியதாக இருப்பதே இங்கே ஒரு வலிமை.

2020இன் மஞ்சள் இறக்குமதித் தடையும் ஒரு பாடம். விலை பலமடங்கு ஏற, பாக்குநீரிணை வழியே மஞ்சள் கடத்தப்பட்டது, தூளில் கலப்படம் பெருகியது. அந்த மாதங்களில் வாங்குபவர்களுக்கு அச்சிட்ட பொதியைவிடத் தெரிந்த கடைக்காரரின் கண் முன்னால் உடைத்துக் காட்டிய மஞ்சள் துண்டு பெரிதாயிற்று.

நம்பிக்கை போதுமா?

தெரிந்த கடைக்காரர் என்ற நம்பிக்கைக்கு வரம்பு உண்டு. வலிகாமத்தின் கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மீறியிருப்பதை நீண்டகாலமாக ஆய்வுகள் காட்டிவருகின்றன. அதிகப் பசளைப் பாவனை அதற்கு முக்கிய காரணம். அந்தத் தோட்டத்து வெங்காயம் இரவு பஸ்ஸில் வந்தாலும், அன்புள்ள அண்ணர் ஒருவர் கையால் நிறுத்துத் தந்தாலும், சேதனப் பொருளாகாது. ஊர்ப்பற்றையும் நஞ்சின்மையையும் ஒன்றாக்கிப் பார்ப்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதில் முடியும். கடைகளின் எதிர்காலத்தையும் அது கெடுக்கும். இரண்டையும் சேர்க்கும் வழி இருக்கிறது. குட் மார்க்கெட் பழக்கிய பங்கேற்பு உத்தரவாத முறையை வடபகுதிக் கூட்டுறவுச் சங்கங்கள் எடுத்து நடத்தலாம். மொட்டைக்கறுப்பன் அரிசி, நல்லெண்ணெய், பனங்கட்டி, குரக்கன் மா போன்ற வாடாத பொருள்களில் தொடங்குவது நல்லது. இழப்பும் குறைவு, சோதிப்பதும் எளிது.

கொட்டாஞ்சேனை இந்த வாதத்துக்கு மிகக் கடினமான சோதனைக்களம். சென் லூசியாஸ் பேராலயத்தையும் ஜம்பட்டா வீதியையும் சூழ வாழும் குடும்பங்களில் பல நாட்கூலியில் நடப்பவை. புறக்கோட்டை மொத்த விற்பனைத் தெருக்கள் நடைதூரத்தில் இருப்பதால் விலை அவர்களுக்கு மனப்பாடம். அதேவேளை காபோஸ் ஒழுங்கையின் நாட்டுமருந்துக் கடைகளும் அருகிலேயே உள்ளன. வல்லாரை, பொன்னாங்காணி, இலைக்கஞ்சி எல்லாம் இவர்களின் அன்றாடம். நல்ல உணவு பற்றிய அறிவில் இவர்கள் கறுவாத்தோட்டத்துக்குக் குறைந்தவர்கள் அல்லர். குறைவது கையிலிருக்கும் காசு. அவர்கள் பயறை நூறு கிராமாகவும் எண்ணெயைக் கால் போத்தலாகவும் கொப்பியில் எழுதி வாங்குகிறார்கள். சேதனப் பொருளோ ஒரு கிலோப் பொதியாக, முழுக்காசுக்கு மட்டுமே கிடைக்கிறது. வெள்ளவத்தைக் கடைகளுக்கு வரும் அதே மூட்டைகள் கொட்டாஞ்சேனையின் சில்லறைக் கடைகளிலும் அவிழ்க்கப்பட்டு உதிரியாக நிறுக்கப்படுமானால் வாங்கும் அளவு கூடும், வண்டிக்கூலி பங்கிடப்படும், விலையும் இறங்கும். அதற்கு முதலில் வேண்டியது, வாரக்கணக்கில் கடன் தாங்கும் அந்தச் சில்லறைக் கடைக்காரருக்குக் கூட்டுறவுச் சங்கம் கொடுக்கும் சரக்குத் தவணை.