குறியெதிர்ப்பையும் கைமாற்றும்

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிப் பக்கம் சென்றால் 'கைமாற்று' என்னும் சொல்லை நாம் இன்றும் கேட்கலாம். அவசரத்துக்கு வாங்கும் சிறுதொகை. சீட்டும் இல்லை, வட்டியும் இல்லை. இதற்கு மூத்த வழக்கைச் சங்க இலக்கியம் 'குறியெதிர்ப்பை' என்றது. அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவது அது.

குமணனிடம் பரிசில் பெற்றுவந்த பெருஞ்சித்திரனார், அதை யார்யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று மனைவியிடம் அடுக்குகிறார் (புறநானூறு 163). சுற்றத்தின் பசி தீர அவளுக்குக் குறியெதிர்ப்பை தந்தோரும் அவ்வரிசையில் உண்டு. குமணனின் முதிரமலை உடுமலை, பழனிப் பக்கத்தது என்பர். கடன் வாங்கியவர் புலவரல்லர், மனைவி என்பதை நாம் கவனிக்கவேண்டும். வள்ளலின் கொடை வந்துசேரும்வரை அடுப்பெரியச் செய்தவர்கள் அவளுக்குக் கடன் தந்தவர்களே.

வறியார்க்குக் கொடுப்பதே ஈகை, பிறவெல்லாம் குறியெதிர்ப்பை போன்றவை என்று வள்ளுவர் தரம் பிரித்தார் (221). ஈகைக்குக் கீழ்ப்பட்டதுதான், ஆயினும் இரவாமல் வாழ வழிவிட்டது அதுவே.

நம் காலத்தில் அவசரக் கடன் கந்துவட்டி, மீட்டர்வட்டி என்றானபோது, 2003இல் தமிழக அரசு தடைச்சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. சட்டம் வட்டியைத் தடுக்கலாம். அளந்து கொடுத்துவிட்டுக் காத்திருந்த அண்டைவீட்டாரை நாம்தான் பேணவேண்டும்.