எழுத்தறிவின் இரண்டாம் ஆண்டு: கும்பளங்கிக் கரையிலிருந்து சில கேள்விகள்

1990 பிப்ரவரி 4 அன்று, அன்றைய பிரதமர் வி.பி. சிங் எர்ணாகுளத்தை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவித்தார். இந்தியாவில் ஒரு மாவட்டம் இப்படி அறிவிக்கப்பட்டது அதுவே முதல் முறை. மட்டாஞ்சேரிக்குத் தெற்கே காயல் சூழக் கிடக்கும் கும்பளங்கியும் அந்த அறிவிப்புக்குள் அடங்கியது. சீன வலைகளும் பொக்காளி நெல்வயல்களும் நிறைந்த அந்தத் தீவுக் கிராமம், பின்னாளில் 2003இல் மாதிரிச் சுற்றுலா கிராமமாகவும், 2019இல் வந்த திரைப்படம் ஒன்றின் வழியாகவும் வெளியுலகுக்குத் தெரிந்தது. கல்வி வரலாற்றில் அக்கறை உள்ளவர்களுக்கு அது முதன்மையாக எர்ணாகுளம் இயக்கம் எட்டிப்பிடிக்க வேண்டியிருந்த கரைகளில் ஒன்று. மீன்பிடியும் கயிறு திரிப்பும் வயல்வேலையுமாக வாழ்ந்த, பள்ளி வாசலைத் தாண்டியிராத பெரியவர்கள் இருந்த கரை.

அந்த இயக்கம் மக்களை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தது. அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் எழுத்தைக் கூட்டத் தெரிந்தவரைப் படிக்கத் தெரிந்தவராக ஆக்குவது வேறு வேலை. அது மொழியாசிரியரின் வேலை, முதல் ஆண்டோடு முடியாத வேலை. முதியோர் கல்வித் திட்டங்கள் அதற்கு இடம் ஒதுக்கத் தவறியதற்கு, வாசிப்பை அளக்க நாம் கையில் எடுத்த அளவுகோலும் ஒரு காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இயக்கத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே மக்கள் அறிவியல் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் ஆட்சியர் கே.ஆர். ராஜன் தலைமையிலான மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து எர்ணாகுளத்தில் களமிறங்கின. வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போயின. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியம் இல்லாமல் கற்பித்தார்கள். கண்பார்வை மங்கிய முதியவர்களுக்கு மூக்குக்கண்ணாடி திரட்டிக் கொடுத்தார்கள். இந்தக் கடைசி ஏற்பாட்டைப் பலர் போகிறபோக்கில் குறிப்பிடுவார்கள். என் கணிப்பில், முழு இயக்கத்திலும் கற்பித்தல் நுட்பம் மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடம் அதுதான். நாற்பது வயதைத் தாண்டியவர் 'எனக்கு மண்டையில் ஏறாது' என்று சொல்லும்போது, பல வேளைகளில் மண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. பக்கம் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் கேரளம் முழுவதும் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் சேலக்கோடன் ஆயிஷா, புதிதாக எழுதப் படிக்கக் கற்ற மலப்புறத்துப் பெண்மணி. அதே காலத்தில் தமிழகத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களின் கையில் கொடுத்தது. அந்த நாட்களின் உற்சாகம் உண்மையானது, அதை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

இனி அளவுகோலுக்கு வருவோம். தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்த தரத்தின்படி, நிமிடத்துக்கு 30 சொற்களை வாய்விட்டும் 35 சொற்களை மௌனமாகவும் படிப்பவர், நிமிடத்துக்கு 7 சொற்களைப் பார்த்தும் 5 சொற்களைச் சொல்லக் கேட்டும் எழுதுபவர், எழுத்தறிவு பெற்றவர். நாடு முழுவதற்கும் ஒரே எண். இந்தி, தமிழ், மலையாளம் எல்லாவற்றிலும் 'சொல்' ஒரே நீளமுள்ளது என்ற நினைப்பு இதன் அடியில் இருக்கிறது. அது உண்மையில்லை.

'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பது தமிழில் ஒரு சொல், பதின்மூன்று எழுத்து. இதே பொருளை இந்தியில் 'ஆ ரஹே ஹைன்' என்று மூன்று சொற்களில் சொல்லிவிடலாம்; அந்த மூன்றும் சேர்ந்தே தேவநாகரியில் நான்கு அட்சரம்தான். மலையாளத்தின் 'வந்நுகொண்டிரிக்குந்நு' ஏழு அட்சரம், அவற்றில் நான்கு கூட்டெழுத்து. எல்லா வாக்கியமும் இப்படி அமைவதில்லை என்பது சரி. ஆனால் வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் துணைவினையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்வது நம் மொழிகளின் இயல்பு. எனவே 'நிமிடத்துக்கு 30 சொல்' என்ற விதி இந்தி படிப்பவரிடம் ஒரு வேலையையும் புதுக்கோட்டைக் கல்லுடைக்கும் பெண்ணிடமும் கும்பளங்கி மீனவரிடமும் அதைவிடப் பெரிய வேலையையும் கேட்கிறது. தேர்வு வைப்பவர் இந்த இக்கட்டைத் தவிர்க்க என்ன செய்வார்? 'மரம்', 'படம்', 'பால் குடி' போன்ற குட்டிச் சொற்களால் ஒரு பத்தியை அமைப்பார். கற்பவர் தேறிவிடுவார். மறுநாள் ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் 'விண்ணப்பிக்கவேண்டியவர்கள்' என்ற சொல் அவரை நிறுத்திவிடும்.

வேகத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்கலாம். நிதானமாகப் படித்தால் என்ன குறைந்துவிடும்? முதியோர் எழுத்தறிவை மூளை அறிவியலின் பக்கமிருந்து ஆராய்ந்த ஹெலன் அபாட்சி இதற்குத் தெளிவான விடை தருகிறார். நம் செயல்நினைவு ஒரு செய்தியைச் சில நொடிகளே தாங்கும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் முதல் சொல் நழுவிவிட்டால், பொருள் உருவாவதே இல்லை. பொருள் புரியப் படிக்க நிமிடத்துக்கு ஏறத்தாழ 45 முதல் 60 சொற்கள் வேண்டும் என்பது அவர் கணிப்பு. நம் தரமோ 30இல் நின்றது. தேறியவர் பலர் ஏன் படிப்பைத் தொடரவில்லை என்ற கேள்விக்கு 'ஆர்வமின்மை' என்றே அறிக்கைகளில் எழுதிவந்திருக்கிறோம். படித்தும் பொருள் கிடைக்காத ஒருவரிடம் ஆர்வத்தை எதிர்பார்ப்பது நியாயமா?

தமிழிலும் மலையாளத்திலும் வேகத்தை அளக்க ஏற்ற அலகு சொல் அன்று, எழுத்து. ஒரு நிமிடத்தில் எத்தனை எழுத்தைப் பிழையின்றி வாசிக்கிறார் என்று எண்ணினால், சிறு சொல்லால் ஏமாறவும் நீண்ட சொல்லால் தண்டிக்கப்படவும் இடமிருக்காது. இது எளிய திருத்தம், செலவும் இல்லை.

எழுத்தை அலகாகக் கொண்டால் அடுத்த கேள்வி தானே எழும்: எந்த எழுத்தை எப்போது கற்பிப்பது? பெரியவருக்கு அகரவரிசையை முதலிலிருந்து ஒப்பிக்க வைப்பது வீண் என்பதை 1960களிலேயே பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே காட்டினார். அவர் கற்பவரின் வாழ்விலிருந்து சில மூலச் சொற்களைப் பொறுக்கினார். செங்கல் என்ற பொருளுள்ள சொல் அவற்றில் ஒன்று. பொறுக்கும்போது வாழ்வோடு உள்ள நெருக்கத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. சொல்லின் ஒலி வளத்தையும், எளியதிலிருந்து கடினத்துக்குச் செல்லும் படிநிலையையும் சேர்த்தே பார்த்தார். அவரைப் பின்பற்றியவர்கள் பலர் முதலாவதைப் பற்றிக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்தார்கள்.

கும்பளங்கிக்கு ஒரு பாடநூல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மீனவர் வாழ்விலிருந்து மூன்று சொற்கள்: வல (வலை), வஞ்சி (படகு), செம்மீன் (இறால்). 'வல' மலையாளத்தில் இரண்டே எழுத்து, குறி எதுவும் கிடையாது. முதல் நாளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது. 'வஞ்சி'யில் ஞகரமும் சகரமும் பின்னிய கூட்டெழுத்து வந்துவிடுகிறது, அதன்மேல் இகரக் குறியும் ஏறுகிறது. 'செம்மீன்' இன்னும் கடினம். காதில் சகரம் முதலில் கேட்க, கண்ணுக்கு எகரக் குறி முதலில் தெரிகிறது. அடுத்து மகரக் கூட்டெழுத்தும் ஈகாரக் குறியும், கடைசியில் உயிர் சேராத மெய்யைக் குறிக்கும், தனி வடிவமுள்ள சில்லெழுத்தும். மூன்றும் அந்த மனிதரின் நாவில் ஒரே அளவுக்குப் பழகிய சொற்கள். தாளில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வாரக்கணக்கில் தூரம். வாழ்வுக்கு அருகில் இருப்பது கண்ணுக்கு அருகில் இருக்கும் என்று நம்பி முதல் வாரத்திலேயே 'செம்மீன்' கொடுத்தால், கற்பவர் அதைப் படமாக மனப்பாடம் செய்வாரே தவிர எழுத்தாகப் படிக்கமாட்டார்.

தமிழக அறிவொளி பாடநூல் 'பட்டா', 'படி' என்ற சொற்களில் தொடங்கியது. அந்தத் தேர்வை எண்ணி எண்ணி வியக்கிறேன். பகரமும் டகரமும் ஒரு புள்ளியும் காலும் இகரக் குறியும் தெரிந்தால் போதும். நிலமற்றவரின் நெஞ்சில் கிடக்கும் கேள்வியும் படிப்பு என்ற சொல்லும் ஒரே பக்கத்தில் வந்துவிடுகின்றன. ஃப்ரெய்ரே கேட்ட எல்லாம் அதில் கூடியிருக்கின்றன. புதுக்கோட்டைப் பக்கம் தங்கி ஆய்ந்த மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி 2013இல் வெளியிட்ட நூலில், எழுத்துக் கற்ற பெண்கள் கையெழுத்திட்ட மனுவோடு ஆட்சியர் அலுவலகப் படியேறியதை விரிவாக எழுதுகிறார். முதல் பாடத்துக்கும் அந்த மனுவுக்கும் இடையே நேர்கோடு ஓடுகிறது.

வரிவடிவத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1971இல் கேரள அரசு மலையாள எழுத்தைச் சீர்திருத்தியபோது, உகர ஊகாரக் குறிகளை மெய்யிலிருந்து பிரித்துத் தனியே நிறுத்தியது. தட்டச்சுப்பொறிக்காகச் செய்தது அது. முதியோர் வகுப்புக்கும் அது பெரிய வரமாக அமைந்தது: ஒரு குறியைக் கற்றால் எல்லா மெய்க்கும் போதும். தமிழில் 1978இல் வந்த சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை போன்றவற்றை ஒழுங்குபடுத்தியது. உகர வரிசையை அப்படியே விட்டுவிட்டது. கு, சு, டு, து, பு, மு என உகரக் குறி ஒரே வடிவில் வருவதில்லை. உகரமும் ஊகாரமுமாக 36 வடிவங்களை நினைவில் இருத்த வேண்டும். தமிழ்ச் சொற்களில் ஈற்று உகரம் எவ்வளவு மிகுதி என்பது யாவரும் அறிந்தது. குழந்தைக்கு இரண்டு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. சில மாத வகுப்பில் இரவு ஒரு மணி நேரம் உட்காரும் பெண்ணுக்கு எங்கே அவகாசம்? எழுத்தை மாற்றச் சொல்லவில்லை. உகர வரிசைக்குத் தனியே கூடுதல் பாடங்கள் ஒதுக்க வேண்டும் என்கிறேன். மலையாளத்திலும் சிக்கல் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. பாடநூலில் புதிய லிபி, கடைப் பலகையிலும் கையெழுத்திலும் பழைய லிபி என்ற நிலை நீடித்ததால், வகுப்பில் தேறியவர் தெருவில் தடுமாறினார்.

அடுத்தது பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்ற அச்சுச் சொல்லைப் பார்த்து ஒரு பெண் 'வந்துக்கிட்டிருக்காங்க' என்று படிக்கிறார். தேர்வாளர் தவறு என்று குறிக்கிறார். மொழிக்கல்வியின் கண்ணில் இது உயர்ந்த வாசிப்பு: எழுத்தை ஒலியாக்கி, பொருளைப் பிடித்து, தன் மொழியில் திருப்பிச் சொல்லியிருக்கிறார். முதல் நூல்களில் உரையாடல்களைப் பேச்சுவழக்கிலேயே அச்சிட்டு, பிறகு படிப்படியாக எழுத்துவழக்குக்கு நகர்த்தினால், எழுத்தைக் கூட்டுவதும் புதிய மொழிவடிவைக் கற்பதும் ஒரே நேரத்தில் தலையில் விழாது. தமிழ்ச் சிறுகதை இந்தப் பாதையை எப்போதோ போட்டுவிட்டது; பாடநூல்தான் இன்னும் தயங்குகிறது.

மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பகுதிகளில் இச்சிக்கல் இன்னொரு மடங்கு ஏறும். அங்கே கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் தமிழும் வீட்டு மொழிகள். வேளியில் பல தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் உண்டு. எந்தத் துணி எந்த வீட்டுக்கு என்று குறி பார்த்துப் பிரிப்பது அத்தொழிலின் அன்றாட அறிவு, அதாவது ஒருவகை வாசிப்பு. கேரள எழுத்தறிவு மிஷன் 2017இல் புலம்பெயர் தொழிலாளருக்காக 'சங்ஙாதி' என்ற திட்டத்தை இதே மாவட்டத்தின் பெரும்பாவூரில் தொடங்கியது மிக நல்ல முயற்சி. ஆனால் 'ஹமாரி மலையாளம்' என்ற அதன் பாடநூல் இந்தி வழியாக மலையாளம் கற்பிப்பது. தமிழ்த் தொழிலாளிக்கு அது சுற்றுவழி. தமிழும் மலையாளமும் பகிர்ந்துகொள்ளும் ஆயிரக்கணக்கான சொற்களை வைத்தே அவருக்கு ஒரு நூல் எழுதலாம்.

மொழியைப் போலவே நேரமும் ஒரு தடை. கேரள வளர்ச்சி மாதிரியின் பலன்கள் மீனவரை முழுமையாக எட்டவில்லை என்று 1995இல் ஆய்வாளர் ஜோன் குரியன் எழுதினார். கும்பளங்கி போன்ற கரையில் கல்வி நேரத்தை நிர்ணயிப்பது கடிகாரம் மட்டுமல்ல, காயலின் ஏற்ற இறக்கமும்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய மீன்பிடி நாட்களில் வலையை விட்டு வகுப்புக்கு வரச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பொக்காளி வயலில் நெல் முடிந்து நவம்பர் நடுவில் 'செம்மீன் கெட்டு' என்னும் இறால் வளர்ப்பு தொடங்கினால் ஏப்ரல் நடுவரை இரவு வேலை. தொண்டர்கள் இதை அறிந்து நடந்த இடங்களில் வகுப்பு நிலைத்தது. மாநிலத் தலைநகரில் வகுத்த கால அட்டவணை இதை அறிந்திருக்க முடியாது.

2018இல் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 96 வயதில் 'அட்சரலட்சம்' எழுத்தறிவுத் தேர்வெழுதி 100க்கு 98 மதிப்பெண் பெற்றபோது நாடே கொண்டாடியது. கற்கும் ஆற்றலுக்கு வயது வரம்பில்லை என்பதற்கு ஆய்வகச் சான்றும் இருக்கிறது: நரம்பியல் அறிஞர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ந்தபின் எழுத்துக் கற்றவர் மூளையிலும் வாசிப்புக்கான பகுதி மாற்றம் காண்பதைக் காட்டியது. ஆனால் அந்தப் பகுதி வலுப்பெறுவது மேலும் மேலும் படிப்பதால்தான். அதற்குப் பக்கங்கள் வேண்டும். பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிய நூலக இயக்கத்தால் கேரளத்தில் ஊர்தோறும் வாசகசாலை இருக்கிறது. புதிதாகக் கற்றவருக்கான பெரிய எழுத்து நூல்கள் அங்கே ஒரு தனி அலமாரியை நிறைக்க வேண்டும்.

இப்போது நடப்பில் உள்ள புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரைக்கானது. படித்தல், எழுதுதல், எண் ஆகிய மூன்றுக்கும் தலா 50 என 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு, தேறினால் சான்றிதழ். தமிழகத்திலும் ஊர்ப் பள்ளிகளில் இத்தேர்வு நடக்கிறது. அதே நபருக்கு அதே பள்ளியில் ஓராண்டு கழித்து மறுமுறை வாசிப்புச் சோதனை வைக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை எழுத்து என்று அளக்க வேண்டும். வாக்கியத்தின் பொருளை அவர் பேச்சிலேயே சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். இடைப்பட்ட பன்னிரண்டு மாதங்களில் வாரம் இரு முறை சேர்ந்து வாசிக்க ஒரு தொண்டரும், மாதம் ஒரு மெல்லிய புத்தகமும், தேவைப்படுபவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடியும் திட்டத்தின் வரவுசெலவில் இடம்பெற வேண்டும்.