ரஃபேலின் ஓவியமும் நெசவாளரின் கைகளும்



கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் இரண்டு குட்டி வானதூதர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கையில் மோவாயைத் தாங்கியிருப்பார். இன்னொருவர் கைகளைக் கட்டி அவற்றின்மேல் தலையைச் சாய்த்திருப்பார். இருவரும் மேலே எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு மேலே இருப்பவர் குழந்தை இயேசுவை ஏந்தி வரும் அன்னை மரியா. அட்டை அச்சிட்டவர்கள் அன்னையை விட்டுவிட்டு, பெரிய படத்தின் அடியோரத்தில் இருந்த அந்த இருவரை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். 1512ஆம் ஆண்டையொட்டி அந்தப் படத்தை வரைந்தவர் இத்தாலி நாட்டின் மறுமலர்ச்சிக் கால ஓவியர் ரஃபேல். தோபித்து நூலில் வழித்துணையாக வரும் வானதூதர் இரபேலின் பெயர்தான் அவருக்கும்.

வருகிற ஜூன் 29ஆம் நாள் புனித பேதுரு, பவுல் பெருவிழா. இந்த இரு திருத்தூதர்களின் வாழ்வையும் ரஃபேல் வரைந்திருக்கிறார். அந்தப் படங்கள் துணியில் நெய்யப்படுவதற்காகவே வரையப்பட்டவை. ஆரணி, கண்ணமங்கலம் பக்கம் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வரலாறு அந்நியமானதல்ல.

ரஃபேல் 1483இல் ஊர்பினோ என்ற சிறு நகரில் பிறந்தார். தந்தை ஜொவான்னி சாந்தியும் ஓவியர். எட்டு வயதில் தாயை இழந்த பிள்ளை, பதினொரு வயதில் தந்தையையும் இழந்தார். தந்தையின் தொழில் மட்டும் கையில் நின்றது. பெருஜீனோ என்ற ஓவியரிடம் வேலை கற்றார். பிறகு ஃபுளோரன்ஸ் நகருக்குப் போய், லியோனார்தோவின் படங்களையும் மிக்கேலாஞ்சலோவின் படங்களையும் பார்த்துப் பார்த்துத் தம் கையைத் திருத்திக்கொண்டார். 1508இல் திருத்தந்தை இரண்டாம் ஜூலியுஸ் அவரை உரோமைக்கு அழைத்தபோது அவருக்கு வயது 25. வத்திக்கான் அறைகளின் சுவர்களில் அவர் வரைந்தவற்றைக் காண இன்றும் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவரிடம் ஏறத்தாழ 50 சீடர்கள் வேலை செய்தார்கள் என்று அவரது வாழ்க்கையை எழுதிய வசாரி சொல்கிறார். புனித பேதுரு பேராலயம் கட்டும் பொறுப்பும் 1514இல் அவர் தோளில் ஏறியது.

அடுத்து வந்த திருத்தந்தை பத்தாம் லியோ, சிஸ்டைன் சிற்றாலயத்துக்கு ஒரு பெரிய வேலையை ரஃபேலிடம் ஒப்படைத்தார். அந்தச் சிற்றாலயத்தின் மேற்கூரையை மிக்கேலாஞ்சலோ வரைந்து முடித்திருந்தார். நடுச்சுவரில் மோசேயின் வரலாறும் இயேசுவின் வரலாறும் இருந்தன. கீழ்ச்சுவரில் திரைச்சீலை தொங்குவதுபோல் வண்ணம் மட்டும் தீட்டியிருந்தது. அங்கே உண்மையான திரைகளைத் தொங்கவிட வேண்டும், அவற்றில் பேதுரு, பவுலின் வரலாறு இருக்க வேண்டும் என்று திருத்தந்தை விரும்பினார்.

1515, 1516ஆம் ஆண்டுகளில் ரஃபேல் பத்து மாதிரிப் படங்களைத் தயார் செய்தார். தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஓர் ஆளைவிட மிக உயரமான தாளாக்கி, அதன்மேல் பசை கலந்த வண்ணத்தால் வரைந்தார். மிகுதியான மீன்பாடு, பேதுருவிடம் திறவுகோல் ஒப்படைத்தல், கோவில் வாசலில் கால் ஊனமுற்றவர் நலம் பெறுதல், ஸ்தேவான்மீது கல்லெறிதல், பவுல் ஏதென்சு நகரில் நற்செய்தி அறிவித்தல் என்று காட்சிகள் அமைந்தன. பிறகு அந்தத் தாள்கள் பிரசல்ஸ் நகரில் பீட்டர் வான் ஆல்ஸ்ட் என்பவரின் நெசவுப் பட்டறைக்குப் போயின.

அங்கே அந்தத் தாள்களை நீள நீளப் பட்டைகளாக வெட்டிப் பாவுக்கு அடியில் வைத்தார்கள். நம் ஊரில் ஜக்கார்டு அட்டை செய்யும் வேலையை அங்கே நெசவாளரின் கண்ணும் விரலும் செய்தன. நம் சேலையில் ஊடை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகும். அந்தத் திரையில் அப்படி இல்லை. ஒவ்வொரு நிற நூலும் தனக்குரிய இடத்துக்குள் மட்டும் போய்த் திரும்பும். கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா என்று கோர்வை நெய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே ஒரு முகத்துக்குள்ளேயே பல நிறங்கள் இப்படிச் சேர்ந்தன. நெசவாளர் பின்புறத்தைப் பார்த்தபடி நெய்ததால், முன்புறத்தில் படம் இடம்வலமாக மாறி வரும். அதை மனத்தில் கணக்கிட்டே ரஃபேல் எல்லாவற்றையும் மாற்றி வரைந்திருந்தார். தறியை அறிந்த ஓவியர் அவர்.

நூல் என்ன தெரியுமா? கம்பளி, பட்டு, இவற்றோடு ஜரிகை. வெள்ளியை மெலிதாக்கி, பொன்முலாம் பூசி, பட்டு இழைமேல் சுற்றிய அதே ஜரிகைதான். ஒவ்வொரு மாதிரிப் படத்துக்கும் ரஃபேலுக்குக் கிடைத்தது 100 பொற்காசு. ஒவ்வொரு திரையையும் நெய்து முடிக்க அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் செலவானது.

1519 டிசம்பர் 26, புனித ஸ்தேவான் விழாவன்று, முதல் ஏழு திரைகள் சிற்றாலயத்தில் தொங்கின. மூன்றரை மாதம் கழித்து, 1520 ஏப்ரல் 6, பெரிய வெள்ளிக்கிழமையன்று, ரஃபேல் இறந்தார். வயது 37. ஆண்டவரின் உருமாற்றத்தை வரைந்த அவருடைய கடைசிப் படத்தை அவர் உடலின் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். உரோமையில் பாந்தியோன் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

1527இல் போர்வீரர்கள் உரோமையைச் சூறையாடியபோது திரைகளும் கொள்ளை போயின. பவுலின் முன் மந்திரவாதி எலிமா பார்வை இழக்கும் காட்சி இருந்த திரை வெட்டப்பட்டது. அதில் ஒரு பகுதிதான் மிஞ்சியது. 1798இல் பிரெஞ்சுப் படையினர் காலத்தில் திரைகள் மறுபடியும் விலைபோய், 1808இல் திரும்பின. இன்று அவை வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளன. ரஃபேலின் 500ஆவது நினைவாண்டான 2020இல், பிப்ரவரி மாதம் ஒரு வாரம், அவற்றை மீண்டும் சிஸ்டைன் சிற்றாலயச் சுவரில் தொங்கவிட்டார்கள்.

மாதிரிப் படங்களில் ஏழு இன்று இலண்டனில் இருக்கின்றன. மீன்பாட்டுக் காட்சியில் இயேசுவின் ஆடை இப்போது வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் ஏரி நீரில் விழும் அதன் பிம்பம் சிவப்பாக இருக்கிறது! ஆடைக்குத் தீட்டிய சிவப்புச் சாயம் காலப்போக்கில் வெளுத்துவிட்டது. சாயம் நிற்குமா நிற்காதா என்ற நம் ஊர்க் கவலை அந்தப் பெரிய ஓவியரையும் விடவில்லை.

அன்பானவர்களே, இந்த வரலாற்றில் ஓவியரின் பெயர் நிற்கிறது. திருத்தந்தையின் பெயரும் பட்டறை உரிமையாளரின் பெயரும் நிற்கின்றன. தறியில் உட்கார்ந்து, பேதுருவின் கண்ணையும் பவுலின் கையையும் இழை இழையாக நெய்தவர்களின் பெயரைச் சொல்வார் இல்லை. திருவிவிலியம் இந்த இடத்தில் வேறு விதமாக நடந்துகொள்கிறது. விடுதலைப் பயண நூலில், சந்திப்புக் கூடாரத்துக்கு வேலை செய்த பெட்சலேல், ஒகொலியாபு என்பவர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. நெசவு வேலைக்கான திறமையும் ஆண்டவர் தந்தது என்று அந்நூல் சொல்கிறது.

ஏதென்சில் கையை உயர்த்தி நற்செய்தி அறிவிக்கும் பவுலை ரஃபேல் கம்பீரமாக வரைந்தார். திருத்தூதர் பணிகள் நூலில் அடுத்த அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். அதே பவுல் ஏதென்சை விட்டுக் கொரிந்துக்குப் போகிறார். அங்கே அக்கிலா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கி, அவர்களோடு கூடாரத் தொழில் செய்கிறார். கைத்தொழில் செய்து உண்பதை அவர் தாழ்வாக எண்ணவில்லை.

நம் வீடுகளில் நிலைமை என்ன? ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை தறி நெய்கிறார் என்று சொல்லத் தயங்குகிறோம். கணவர் நெய்ய, மனைவி தார் சுற்ற, நாள்கணக்கில் உருவான சேலைக்குக் கிடைப்பது ஒருவர் கூலிதான். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனால் அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. கலை அழிந்துவிடும் என்று கூறி அரைவயிற்றோடு ஒருவரைத் தறியில் உட்கார வைப்பது நற்செய்தி ஆகாது. பிடித்துவைத்த கூலி கடவுளின் காதுவரை கூக்குரலிடுகிறது என்று புனித யாக்கோபு எச்சரிக்கிறார்.

எனவே இந்தப் பெருவிழாவுக்கு மூன்று காரியங்களைச் செய்வோம். பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிறவர்கள், நிலுவைக் கூலியைப் பெருவிழாவுக்கு முன் தீர்த்துவிடுவோம். தார் சுற்றும் தாய்மாரின் உழைப்பையும் கூலியில் சேர்த்துக் கணக்கிடுவோம். சேலை வாங்குகிறவர்கள், இதை நெய்தவர் யார் என்று ஒரு முறையாவது கேட்போம். பெயர் தெரிந்தால் செபத்தில் நினைப்போம்.

பெயர் தெரியாத அந்த நெசவாளர்களை ஆண்டவர் பெயர் சொல்லி அறிவார். நம் தெருவில் நெய்கிறவர்களின் பெயரை நாமும் அறிந்துகொள்ள, புனித பேதுருவும் புனித பவுலும் நமக்காக மன்றாடுவார்களாக. ஆமென்.