லயத்து வாசலில் காப்பீட்டு முகவர்: ஓர் உரிமத்தின் வரலாறு

கோட்டயத்திலிருந்து குமுளி செல்லும் மலைப்பாதையில், பெரியாற்றின் கரையில் அமைந்த தேயிலை ஊர் வண்டிப்பெரியார். பீர்மேடு வட்டத்தின் வரலாற்றை எழுதியோர் காப்பித் தோட்டங்களைப் பற்றியும், இலைத்துரு நோயால் காப்பி அழிந்து தேயிலை வந்த கதையைப் பற்றியும், கம்பம் கணவாய் வழியே ஏறி வந்த தமிழ்த் தொழிலாளரைப் பற்றியும் நிறையவே எழுதியுள்ளனர். ஆனால் ஒரு கேள்வி பெரிதும் எழுப்பப்படாமலே இருந்துவிட்டது. தீ, வெள்ளம், மண்சரிவு, வாகன விபத்து ஆகியவை அன்றாட அச்சங்களாக இருக்கும் இம்மலைகளில், இழப்புக்கு எதிரான பாதுகாப்பை விற்கும் உரிமை யாருக்கு இருந்தது? அந்த உரிமையை வழங்கியவர் யார்?

ஆயுள் காப்பீட்டின் வரலாறு தமிழில் ஓரளவு அறியப்பட்டதே. சொத்து, வாகனம், விபத்து, சரக்கு ஆகியவற்றைக் காக்கும் பொதுக்காப்பீட்டின் வரலாறு அவ்வளவாக அறியப்படவில்லை. அதனினும் குறைவாக அறியப்பட்டது அதை விற்கும் முகவரின் உரிமச்சீட்டு கடந்துவந்த பாதை.

இந்தியாவில் பொதுக்காப்பீடு 1850-இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட டிரைட்டன் நிறுவனத்தோடு தொடங்குகிறது. எல்லா வகைப் பொதுக்காப்பீட்டையும் செய்த முதல் இந்திய நிறுவனமான இந்தியன் மெர்க்கன்டைல் 1907-இல் பம்பாயில் தோன்றியது. தென்னிந்தியத் தோட்டங்களைப் பொறுத்தவரை, காப்பீடு வந்த வழி துறைமுக நகரங்களின் ஏஜென்சி நிறுவனங்களே. தோட்டக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுவது, தேயிலையைக் கப்பலேற்றுவது, காப்பீட்டுப் பத்திரம் எடுத்துத் தருவது ஆகிய மூன்றும் ஒரே அலுவலகத்தின் மேசைகளில் நடந்தன. இலண்டனுக்குச் செல்லும் தேயிலைப் பெட்டிக்குக் கடற்காப்பீடு உண்டு. மரச்சட்டங்களும் உலர்த்தும் உலைகளும் நிறைந்த தொழிற்சாலைக்குத் தீக்காப்பீடு உண்டு. பெட்டியைச் சுமந்தவரின் லயத்து அறையில் இருந்த பொருள்களுக்கு எதுவும் இல்லை.

இதற்கு வறுமை மட்டுமே காரணம் அன்று. காப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடொன்றும் இதில் செயற்பட்டது. ஒரு பொருள் அழிந்தால் எவருக்குப் பண இழப்பு நேருமோ, அவரே அதற்குக் காப்பீடு எடுக்க முடியும். இதைக் காப்பீட்டு நலன் என்பர். லயம் கம்பெனியின் சொத்து. அதன் சுவரும் கூரையும் அழிந்தால் சட்டத்தின் கண்ணில் இழப்பு கம்பெனிக்கே. மூன்று தலைமுறை அதே அறையில் பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கு அக்கட்டடத்தின்மீது காப்பீட்டு நலன் இல்லை. அறைக்குள் இருந்த பாத்திரம், துணி, கட்டில், தையல் எந்திரம் ஆகியவற்றின்மீது அந்த நலன் இருந்தது. ஆனால் அதை எடுத்துச் சொல்லும் முகவர் லயத்து வாசலுக்கு வரவில்லை.

முகவருக்கு அரசு உரிமம் தேவை என்னும் எண்ணத்தின் நீண்ட வரலாற்றில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்த வழக்கொன்று முக்கியமானது. 1866-இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம், பிற மாநிலக் காப்பீட்டு நிறுவனங்கள் ஈட்டுப் பத்திரங்களை அரசிடம் வைத்து உரிமம் பெற்ற பின்னரே அவற்றின் முகவர்கள் பத்திரம் விற்கலாம் என்றது. சாமுவேல் பால் என்ற முகவர் நியூயார்க் தீக்காப்பீட்டு நிறுவனங்களின் சார்பில் உரிமமின்றி விற்றுத் தண்டனை பெற்றார். 1869-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வர்ஜீனியாவின் அதிகாரத்தை உறுதி செய்தது. பின்னர் 1944-இல் அத்தீர்ப்பின் அடிப்படை மாற்றப்பட்டது. ஆயினும் 1945-இன் மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் காப்பீட்டு ஒழுங்குமுறையை மாநிலங்களிடமே விட்டது. இன்றும் அங்கே சொத்து, விபத்துக் காப்பீட்டை விற்க விரும்புபவர் தம் மாநில அரசிடமே உரிமம் பெறுகிறார்.

இந்தியா இதே எண்ணத்தை 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் ஏற்றது. அதன் 42-ஆம் பிரிவு முகவருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அப்பிரிவு எதைக் கேட்டது என்பதைவிட, எதைக் கேட்கவில்லை என்பதே கவனத்துக்குரியது. சிறார் உரிமம் பெற முடியாது. மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டவர் பெற முடியாது. கையாடல், நம்பிக்கை மோசடி, ஏமாற்று, பொய்யாவணம் ஆகிய குற்றங்களில் தண்டிக்கப்பட்டவரும் பெற முடியாது. கல்வித் தகுதி இல்லை, தேர்வு இல்லை. அச்சட்டம் முகவரின் அறிவைச் சோதிக்கவில்லை. அவர் திருடரல்லர் என்பதை மட்டும் உறுதி செய்ய முயன்றது. 41-ஆம் பிரிவு, தம் தரகுப் பணத்தில் ஒரு பகுதியை வாடிக்கையாளருக்கே திருப்பித் தந்து ஆள் பிடிப்பதைத் தடை செய்தது.

அது பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம். பீர்மேடு அப்போது திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. திருவிதாங்கூர் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பின்னரே இம்மலைகள் அச்சட்டத்தின் எல்லைக்குள் முழுமையாக வந்தன. தொழிலாளிக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்த இடைத்தரகர் ஒருவர் உண்டு; அவர் கங்காணி. ஆள் சேர்த்ததற்கும் வேலை வாங்கியதற்கும் தலைக்கணக்கில் தரகு பெற்றவர் அவர். முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிவைத்த அந்த அனுபவம் பெற்ற மக்களிடம், இன்று பணம் கட்டினால் நாளை இழப்பு நேர்ந்தால் திரும்ப வரும் என்று சொல்லி வரும் இன்னொரு தரகரை நம்பச் செய்வது எளிதாக இருந்திருக்க முடியாது. காகிதத்தில் ஓர் அரசு முத்திரை இருந்தது என்பது இச்சூழலில் சிறிய செய்தி அன்று.

பொதுக்காப்பீட்டைச் சாலைக்குக் கொண்டுவந்தது மோட்டார் வாகனச் சட்டம். 1939-இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் மூன்றாம் நபர் காப்பீட்டுப் பகுதி 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிற்காலத்தில் ஜீப்பும் லாரியும் மலைப்பாதையின் உயிர்நாடியாக மாறியபோது, ஓட்டுநரும் சிறு வாகன உரிமையாளருமே பொதுக்காப்பீட்டு முகவரின் முதல் வாடிக்கையாளர் ஆயினர். விரும்பி வாங்கியதன்று அது. சட்டத்துக்கு அஞ்சி வாங்கியது.

1968-ஆம் ஆண்டுத் திருத்தம் 64விபி என்ற பிரிவைச் சேர்த்தது. கட்டணம் முன்கூட்டியே செலுத்தப்படாமல் காப்பீடு தொடங்காது என்பது அதன் சாரம். முகவர் பெற்ற பணத்தைத் தம் தரகைக் கழிக்காமல் முழுமையாக, வங்கி, அஞ்சல் விடுமுறைகள் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்திடம் செலுத்த வேண்டும். அல்லது அஞ்சலில் அனுப்ப வேண்டும். நகரத்து முகவருக்கு இது ஒரு தெருவைக் கடக்கும் வேலை. ஆடி மாத மழையில் சாலை சரிந்து பேருந்து நிற்கும் மலையோரத்தில் இதே விதி வேறு பொருள் கொள்கிறது. சட்டம் அஞ்சலையும் ஏற்றுக்கொண்டதால், தொலைதூர முகவருக்கு அஞ்சலகமே கிளை அலுவலகமாகப் பயன்பட முடிந்தது.

1971 மே மாதத்தில் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாகத்தை அரசு ஏற்றது. 1973 ஜனவரி 1 முதல் 107 நிறுவனங்கள் நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா ஆகிய நான்கு நிறுவனங்களில் ஒருங்கிணைந்தன. அதன்பின் கிராமங்களுக்குச் சென்ற பொதுக்காப்பீட்டின் முகம் கால்நடைக் காப்பீடு. வங்கிக் கடனில் வாங்கிய கறவை மாட்டின் காதில் எண் பொறித்த வில்லை குத்தப்படும். மாடு இறந்தால் அவ்வில்லையைக் காட்டினால்தான் இழப்பீடு. தோட்டக் கூலியோடு ஒரு பசுவையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு, காப்பீடு என்பது முதலில் ஒரு மாட்டின் காதில் தொங்கிய வில்லையாகவே கண்ணில் பட்டது.

பெரிய திருப்பம் 2000-இல் வந்தது. 1994-இல் அறிக்கை அளித்த மல்ஹோத்ரா குழுவின் பரிந்துரையை ஒட்டிக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. தனியார் நிறுவனங்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. அவ்வாண்டின் முகவர் உரிம விதிகள் முதன்முறையாக அறிவைக் கேட்டன: 100 மணி நேரப் பயிற்சி, பின்னர் மும்பையின் இந்தியக் காப்பீட்டுக் கழகம் நடத்தும் தேர்வு, 250 ரூபாய்க் கட்டணம், மூன்றாண்டு உரிமம்.

அதே ஆண்டுகளில்தான் தேயிலை விலை வீழ்ச்சியால் பீர்மேடு வட்டத்தில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கூலியும் வைப்புநிதியும் கிடைக்காமல் குடும்பங்கள் பட்டினியில் தவித்தன. தோட்டத்துக்கு வெளியே வேலை தேடிய இளைஞருக்கு முகவர் உரிமம் முதலீடு தேவைப்படாத ஒரு தொழிலாகத் தோன்றியிருக்கக் கூடும். ஆனால் விதியில் ஒரு நுட்பம் இருந்தது. 5,000-க்கும் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரினர்க்குப் பத்தாம் வகுப்பு போதும். மற்றவர்க்குப் பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும். வட இந்தியச் சிற்றூரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சலுகை இது. கேரளத்தின் கிராமங்கள் பெரும்பாலும் அவ்வெண்ணிக்கையை எளிதில் தாண்டுபவை. ஆகவே பள்ளியைப் பாதியில் விட்ட எஸ்டேட் பிள்ளைகள் பலருக்கும் அச்சலுகை எட்டாததாகவே இருந்தது.

பின்னர் வாசல் சிறிது சிறிதாக அகன்றது. 2005-இன் குறுங்காப்பீட்டு விதிகள் சுயஉதவிக் குழுக்களையும் தொண்டு நிறுவனங்களையும் முகவர்களாக ஏற்றன. தேர்வு இல்லை; உள்ளூர் மொழியில் 25 மணி நேரப் பயிற்சி போதும். வீட்டுப் பொருள், கால்நடை, தொழிற்கருவி ஆகியவற்றுக்கு 30,000 ரூபாய் வரை காப்பு. 2015-இன் திருத்தச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று, முகவருக்கான அரசு உரிமத்தையே நீக்கியது. இப்போது நிறுவனமே முகவரை நியமிக்கிறது. தேர்வு தொடர்கிறது; ஆனால் முகவரின் செயலுக்கும் தவறுக்கும் நிறுவனமே பொறுப்பு, ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கப்படலாம் என்பது புதிய ஏற்பாடு. 41-ஆம் பிரிவின் தண்டமும் 500 ரூபாயிலிருந்து பத்து இலட்சமாக உயர்ந்தது.

இவ்வரலாற்றில் மலைமக்களுக்கு எது முக்கியம்? முகவர் எதை அறிந்திருக்க வேண்டும் என்ற கேள்வியே முக்கியம். இரண்டு செய்திகள் அதை விளக்கும்.

முதலாவது, சரக்கு வாகனத்தில் ஆள் ஏற்றுவது. 2002-இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சரக்கு வாகனத்தில் கட்டணமின்றி ஏறிச் சென்றவர் இறந்தால் கட்டாயக் காப்பீட்டின் கீழ் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றது. ஏலத்தோட்டத்துக்கும் தேயிலைக் காட்டுக்கும் கிடைத்த வண்டியில் ஏறிச் செல்லும் தொழிலாளர் வாழும் பகுதியில், இத்தீர்ப்பை விளக்கிச் சொல்லும் முகவருக்கும் பத்திரத்தை மட்டும் கையில் தரும் முகவருக்கும் இடையே உள்ள தூரம் ஒரு குடும்பத்தின் எதிர்காலம்.

இரண்டாவது, 2020 ஆகஸ்ட் 6 இரவு. இதே இடுக்கி மாவட்டத்தின் பெட்டிமுடியில் லயங்களின்மீது மலை சரிந்து 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். எந்தக் காப்பீடும் அவர்களைத் திருப்பித் தராது. ஆயினும் 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் வழங்க வேண்டிய பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுக் காப்பீட்டை, கட்டடம் இன்றி வீட்டுப் பொருள்களுக்கு மட்டுமாகவும் எடுக்கலாம்; வெள்ளமும் மண்சரிவும் அதில் அடங்கும். சுவர் கம்பெனியுடையது, பொருள் தொழிலாளியுடையது என்ற அந்தப் பழைய சட்ட வேறுபாடு, உரிய முகவர் ஒருவர் இருந்தால், தொழிலாளிக்கே பயன்படக்கூடிய ஒன்று.

1938-இன் உரிமம் நேர்மையைக் கேட்டது. 2000-இன் உரிமம் அறிவையும் கேட்டது. 2015-க்குப் பின் இரண்டுக்கும் நிறுவனம் பொறுப்பேற்கிறது. லயத்து வாசலில் நின்று, அங்கு வாழ்பவரின் மொழியில், இந்தப் பத்திரம் எதைத் தரும், எதைத் தராது என்று சொல்ல வேண்டும் என்பதை இம்மூன்றில் எதுவும் தன் முதல் நிபந்தனையாக வைக்கவில்லை. தமிழும் மலையாளமும் அறிந்த எஸ்டேட் பிள்ளை ஒருவர் முகவராகும்போதுதான் அந்நிபந்தனை தானாக நிறைவேறுகிறது.