பாவு பிணைக்கும் கலையும் பத்து இலக்க எண்ணும்

காஞ்சிபுரம் என்றால் நமக்குக் கோயில்கள்தாம். கைலாசநாதரையும் வைகுந்தப் பெருமாளையும் கண்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் சென்றமுறை ஒரு பட்டுத்தறியின் முன்னால் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். நெசவாளரின் கால்கள் குழிக்குள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்த, தறிச் சட்டத்தில் ஒரு ஸ்மார்ட்போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திரையில் புடவைக் கரையின் மாதிரி. அதைப் பார்த்தபோது எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. தொழில் செய்பவரைப் பிறர் தேடிக் கண்டடைவது எதைக் கொண்டு?

10ஆம் நூற்றாண்டில் இதற்கு விடை எளிது. உத்தம சோழரின் 16ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, கச்சிப்பேட்டின் நெசவாளர் சேரிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அங்கு வாழ்ந்த பட்டசாலிகளிடம் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் கணக்கு, நிர்வாகம் சார்ந்த பொறுப்புகள் ஒப்படைக்கப்பட்டன. சேரியின் பெயரே அன்று அவர்களின் முகவரி. அவர்களின் நாணயத்திற்கும் அதுவே சான்று.

இன்று அந்த இடத்தில் இருப்பது பத்து இலக்க எண். கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு நூல், சூரத்திலிருந்து வரும் சரிகை, சாயமிடுபவர், கோர்வை நெசவுக்குத் துணையாக அமர்பவர், புடவையை வாங்கும் வணிகர் என நெசவாளரின் உலகம் முழுவதும் அந்த எண்ணின் வழியாகவே அவரை அடைகிறது. ஆனால் அந்த எண் யாருக்குச் சொந்தம்? சற்றே பின்னோக்கிச் செல்வோம், வாருங்கள்.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் அலைபேசி உரையாடல். தமிழகத்தில் ஏர்செல் தன் சேவையை 1999இல் தொடங்கியது. வரும் அழைப்புக்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த நிலை 2003இல்தான் மாறியது. அதே ஆண்டில் 501 ரூபாய் முன்பணத்திற்கு ரிலையன்ஸ் கைக்கருவி கொடுத்தது. ஆனால் அந்த சிடிஎம்ஏ கருவியில் கழற்றி மாற்றக்கூடிய சிம் இல்லை. கருவி, எண், நிறுவனம் மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. சிம் இருந்த கருவிகளிலும் நிலைமை பெரிதும் வேறன்று. கருவியை மாற்றலாம், நிறுவனத்தை மாற்றினால் எண் போய்விடும். கட்டணம் கூடினாலும் சிக்னல் குறைந்தாலும், பில் புத்தகத்தில் அச்சிட்ட எண்ணுக்காகவே பலர் பொறுத்துக்கொண்டனர்.

இந்தக் கட்டை அவிழ்த்தது எண் பெயர்வு வசதி. 2010 நவம்பர் 25 அன்று அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அப்போது பெயர்வுக் கட்டணம் 19 ரூபாயாக இருந்தது. 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும்; அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் போதும். எண் நிறுவனத்தின் பிடியிலிருந்து விடுபட்டு வாடிக்கையாளருடன் நடக்கத் தொடங்கியது.

அதன் அருமையைத் தமிழகம் உணர்ந்தது 2018 பிப்ரவரியில். நிலுவைத் தகராறுகளால் ஏர்செல்லின் கோபுரங்கள் பல செயலிழக்க, மாநிலமெங்கும் சிக்னல் மறைந்தது. அம்மாத இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. வங்கிக் கணக்கும் வாட்ஸ்அப்பும் எண்ணோடு பிணைந்துவிட்ட காலம் அது. எண் போனால் வங்கியின் கடவு எண் வராது. வணிகர் அனுப்பும் கரை மாதிரியும் வராது. தறி மட்டும் இருக்கும், வேலை இருக்காது. இன்னொரு முரணையும் பாருங்கள்: வெளியேறுவதற்கான குறியீட்டைத் தர வேண்டியதும் சிக்னல் இழந்த அதே நிறுவனம்தான்! கடைகளின் முன் கூட்டம் கூடியது. குறியீடு வழங்குமாறு டிராய் தலையிட்டு உத்தரவிட வேண்டியிருந்தது. பெயர்வு வசதி மட்டும் இல்லாதிருந்தால் அத்தனை எண்களும் அந்நிறுவனத்தோடு முடங்கியிருக்கும்.

இனி மீண்டும் தறிக்கு வருவோம். ஒரு பாவு தீர்ந்ததும் நெசவாளர் அதை முழுவதும் உருவி எறிவதில்லை. பழைய பாவின் ஒவ்வோர் இழை முனையோடும் புதிய பாவின் இழையைப் பிணைத்து இழுக்கிறார். விழுதிலும் அச்சிலும் ஆயிரக்கணக்கான இழைகளை மீண்டும் கோக்கும் உழைப்பு மிச்சமாகிறது. பாவு புதிது, கோப்பு பழையது. பழைய முனை உள்ளே நழுவிவிட்டால் பிணைக்க எதுவும் இராது என்பதால், அது அச்சுக்கு வெளியே தெரியும்போதே வேலையை முடிக்க வேண்டும்.

அலைபேசி நிறுவனத்தை மாற்றுவதும் இதுவே. புதிய கருவி, புதிய கட்டணத் திட்டம் எல்லாம் புதுப் பாவு. பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த தொடர்புகளின் கோப்பு எண்ணில்தான் இருக்கிறது. பழைய சிக்னல் உயிரோடு இருக்கும்போதே குறியீட்டைப் பெற்றுவிட வேண்டும் என்பது 2018 நமக்குக் கற்பித்த பாடம். காஞ்சியின் நெசவாளர்களுக்கு அதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. பழைய முனையை விடாமல் புதியதை ஏற்பது அவர்களின் கைகள் நன்கறிந்த வித்தைதானே!