கொசத்தலையாற்று நீர்ப் பகிர்வு

கொசத்தலையாறு ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களில் பாய்ந்து எண்ணூர் அருகே வங்காள விரிகுடாவில் கலக்கும் ஆறு ஆகும். இது கொற்றலையாறு எனவும் அழைக்கப்படுகிறது. இதன் படுகைப் பரப்பு 3,727 ச.கி.மீ.; அதில் 877 ச.கி.மீ. ஆந்திராவில் உள்ளது. திருவள்ளூர் மாவட்டத்தின் பள்ளிப்பட்டு இவ்வாற்றின் மேற்பகுதியில் அமைந்த எல்லையோர ஊராகும்.

எல்லையும் ஆறும்

1953 இல் ஆந்திர மாநிலம் உருவானபோது பள்ளிப்பட்டு சித்தூர் மாவட்டத்துடன் அங்குச் சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோரின் வடக்கெல்லைப் போராட்டத்தையும் பட்டாஸ்கர் பரிந்துரையையும் தொடர்ந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தில் இணைக்கப்பட்டன. எல்லை வகுக்கையில் கிராமங்களின் மொழிப் பெரும்பான்மையே முதன்மையாகக் கொள்ளப்பட்டது. ஊர் இப்பக்கம் வந்தது. அதற்கு நீர் தரும் மலைச்சரிவுகளும் கிருஷ்ணாபுரம் அணையும் இன்று அப்பக்கத்தில் உள்ளன.

வடகிழக்குப் பருவமழையில் இவ்வணை நிரம்பி உபரி நீர் திறக்கப்படும்போது பள்ளிப்பட்டுப் பகுதித் தரைப்பாலங்கள் மூழ்குவதுண்டு. 2021 நவம்பரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. கோடையிலோ ஆறு பெரும்பாலும் மணல்வெளியே.

சென்னையின் குடிநீர்

இவ்வாற்றின் குறுக்கே 1944 இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் (சத்தியமூர்த்தி சாகர்) சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. இதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1983 ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி வரும் கிருஷ்ணா நீரும் 1996 முதல் இங்கேயே வந்து சேர்கிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு நகரம் தவித்ததை நோக்க, பூண்டிக்கு வரும் ஒவ்வொரு துளியும் ஏன் கணக்கிடப்படுகிறது என்பது விளங்கும்.

2022 சர்ச்சை

நகரி வட்டத்தில் கத்தரப்பள்ளி, முக்கலகண்டிகை ஆகிய இடங்களில் இரு நீர்த்தேக்கங்கள் கட்ட ஆந்திர அரசு திட்டமிட்டது. சென்னையின் குடிநீரும் கீழ்ப்பகுதிப் பாசனமும் பாதிக்கப்படும் என்பதால் இத்திட்டத்தைக் கைவிடுமாறு 2022 ஆகஸ்டில் தமிழக முதல்வர் மு. க. ஸ்டாலின், ஆந்திர முதல்வர் ஜெகன் மோகன் ரெட்டிக்குக் கடிதம் எழுதினார். வானம் பார்த்த நகரிப் பகுதி உழவர்க்கும் நீர் தேவை என்பதை மறுக்க இயலாது. இங்குச் சிக்கல் இரு நியாயமான தேவைகளுக்கு இடையிலானது.

அரசியலமைப்பின்படி நீர் மாநிலப் பட்டியலில் (17) உள்ளது. மாநிலங்களுக்கிடையேயான ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலில் (56) உள்ளது. பேச்சில் தீராத பூசலைத் தீர்ப்பாயத்திடம் விட 1956 ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் காவிரி வழக்கில் தீர்ப்பாயத்தின் இறுதித் தீர்ப்புக்கே 1990 முதல் 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நீரின் தரம்

கடைமடையில் அளவைவிடத் தரமே பெருஞ்சிக்கல். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதால் கடல்நீர் உட்புகுந்தது. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்தது. இப்பகுதியின் காட்டுப்பள்ளியில் 2010 இல், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது.